திரை இருண்டால் சமாளிக்கலாம், ஹேங் ஆனால்?

கே.எம்., அவனியாபுரம்: எங்கள் மொட்டை மாடிக்கு மேலேதான் விமானம் இறங்குகிறது. எங்கே வருகிறது, எவ்வளவு உயரத்தில் வருகிறது என்று செல்போன் ஆப்பே சொல்லிவிடுகிறது. பிறகு எதற்குக் கோடிக்கணக்கில் செலவழித்து ரேடார்?

ஆப் காட்டுவது, விமானம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதை. ஜி.பி.எஸ். மூலம் தான் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு, 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓயாமல் அறிவித்துக்கொண்டே அது பறக்கிறது. யாரோ ஓர் ஆர்வலர் வீட்டில் வைத்திருக்கும் சின்ன ஆண்டெனா அதைப் பிடித்து இணையத்தில் ஏற்ற, உங்கள் கைக்கு வந்து சேர்கிறது. 2024 அக்டோபர் 11 மாலை, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் ஷார்ஜா விமானம் ஹைட்ராலிக் கோளாறால் 141 பேருடன் திருச்சி வட்டாரத்தில் இரண்டரை மணி நேரம் சுற்றி எரிபொருளைத் தீர்த்தபோது, தமிழ்நாடே அந்த வட்டங்களை ஆப்பில் பார்த்துக்கொண்டிருந்தது. நல்லவேளை, பத்திரமாக இறங்கியது.

ஆனால் விமானம் தப்பாகச் சொன்னால் ஆப்பும் தப்பாகத்தான் காட்டும். போலி ஜி.பி.எஸ். சிக்னலை அனுப்பி விமானத்தைக் குழப்பும் வேலை இப்போது உலகம் முழுக்க நடக்கிறது. சென்னை உட்படப் பல நகரங்களில் அப்படிப் புகார் வந்திருப்பதாக 2025 டிசம்பர் தொடக்கத்தில் விமானப் போக்குவரத்து அமைச்சர் நாடாளுமன்றத்திலேயே சொன்னார். ரேடார் தூரத்தையும் திசையையும் தானே அளந்துகொள்ளும். கோடி அதற்குத்தான்.

ஜே., மேலூர்: சினிமாவில் பச்சைக் கோடு ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கிறதே, உண்மையிலும் அப்படித்தானா?

நம் இயக்குநர்கள் இன்னும் 1960-களில் இருக்கிறார்கள். சுற்றும் கோடு பிக்சர் ட்யூப் காலத்து விஷயம். ஒளி மங்கலாக இருக்கும் என்பதால் அறையையே இருட்டாக்கி வைத்திருந்தார்கள். எந்தப் புள்ளி எந்த விமானம் என்று திரை சொல்லாது. பிளாஸ்டிக் வில்லையில் விமானத்தின் பெயரை எழுதி, புள்ளி நகர நகரக் கையால் தள்ளிக்கொண்டே போன காலமும் உண்டு.

இன்றைய திரை பெரிய எல்.சி.டி. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு சின்னக் குறி. குறிக்குப் பின்னால் வந்த வழியைக் காட்டும் நாலைந்து புள்ளிகள். குறியிலிருந்து ஒரு மெல்லிய கோடு, கோட்டின் முனையில் லேபிள். முதல் வரியில் விமானத்தின் அழைப்புப் பெயர். கீழே 350 என்றிருந்தால் 35,000 அடி உயரம். பக்கத்தில் மேல்நோக்கி அம்பு இருந்தால் இன்னும் ஏறுகிறது. அதையொட்டி வேகம். கண்ட்ரோலர் நாள் முழுக்கப் படிப்பது இந்த எழுத்துகளைத்தான். நாலு விமானம் நெருங்கி வந்து லேபிள்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டால், எந்த உயரம் யாருடையது என்று தெரியாது. மவுஸால் இழுத்துப் பிரித்து வைப்பதும் உத்தியோகத்தில் சேர்த்திதான்.

எஸ்.வி., திருமங்கலம்: உயரம் காட்டாத ரேடாரும் உண்டா?

உண்டு. அதற்கு என்ன விலை என்பதை 1996 நவம்பர் 12 அன்று இந்தியா தெரிந்துகொண்டது. டெல்லியில் அன்று வேலை செய்தது பிரைமரி ரேடார். அலையை அனுப்பி, மோதித் திரும்புவதைப் பிடித்து, தூரத்தையும் திசையையும் சொல்லும். உயரம் சொல்லாது. செகண்டரி ரேடார் என்றால் விமானத்திலுள்ள டிரான்ஸ்பாண்டரிடம் கேள்வி கேட்டு, ‘நான் இன்னார், இந்த உயரத்தில் இருக்கிறேன்’ என்ற பதிலை வாங்கிவிடும். அது டெல்லியில் அப்போது பயன்பாட்டுக்கு வந்திருக்கவில்லை.

புறப்பட்டுப் போன சவுதி ஜம்போவுக்கு 14,000 அடி. இறங்கி வந்த கசகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி. இரண்டு புள்ளிகளும் நெருங்குவது கண்ட்ரோலருக்குத் தெரிந்தது. எதிரே விமானம் வருகிறது என்று எச்சரிக்கவும் செய்தார். நடுவில் 1,000 அடி இருக்கிறது என்பதற்கு அவர் கையிலிருந்த ஒரே ஆதாரம் விமானியின் வாய்வார்த்தை. கசகஸ்தான் விமானம் 15,000-க்கும் கீழே இறங்கிவிட்டிருந்தது. ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே மோதி 349 பேர் போனார்கள்.

நீதிபதி லஹோட்டி ஆணையம் கசகஸ்தான் விமானக் குழுவின் மீதுதான் குற்றம் கண்டது. ஆனாலும் அதற்குப் பிறகுதான் வருவதற்கும் போவதற்கும் தனித்தனி வழி, செகண்டரி ரேடார், விமானத்துக்குள்ளேயே மோதல் எச்சரிக்கைக் கருவி கட்டாயம் என்று எல்லாம் வரிசையாக வந்தன. நம் ஊரில் வேகத்தடை போடுவதற்கும் ஒரு விபத்து நடந்தாக வேண்டும் அல்லவா, அந்தக் கதைதான்.

பி.ஆர்., சோழவந்தான்: மேகம் இருந்தால் ரேடாருக்கு விமானம் தெரியாதா?

2019-இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டிக்குப் பிறகு நாடே கேட்ட கேள்வி. தெரியும். விமானக் கட்டுப்பாட்டு ரேடாரின் அலைநீளம் 10 சென்டிமீட்டர் அல்லது 23 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். மேகத்துளி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அடைமழை மட்டும் பிரைமரி ரேடாரில் கொஞ்சம் அழுக்குப் பூசும். அதை வடிகட்டவும் வழி இருக்கிறது.

ரா.பா., வாடிப்பட்டி: மதுரைக்கு மேலே பறக்கும் விமானத்தைச் சென்னை ரேடார் பார்க்குமா?

உயரமாகப் பறந்தால் பார்க்கும். இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே ஆகாய வழியில் சுமார் 225 கடல் மைல், அதாவது 417 கிலோமீட்டர். ரேடார் அலை ஏறக்குறைய நேராகப் போகிறது. பூமியோ வளைந்து கீழே இறங்குகிறது. விமானத்தின் உயரத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.23-ஆல் பெருக்கினால், எத்தனை கடல் மைலுக்கு அப்பாலிருந்து தெரியும் என்ற கணக்கு கிடைக்கும். இதைப் பின்னோக்கிப் போட்டுப் பாருங்கள். மதுரைக்கு மேலே சுமார் 33,000 அடிக்குக் கீழே பறக்கும் விமானம், சென்னையில் தரையில் நிற்கும் ரேடாருக்கு அடிவானத்துக்கு அந்தப் பக்கம்.

சரி, திருவனந்தபுரம்? அங்கிருந்து ஆகாய வழியில் 200 கிலோமீட்டர்கூட வராது. கணக்குப்படி 7,500 அடியே போதும். ஆனால் கணக்குக்கு மேற்குத் தொடர்ச்சி மலை நடுவில் நிற்பது தெரியாது. ரேடார் அலை மலையைச் சுற்றிக்கொண்டு வராது. வைகைச் சமவெளி எவ்வளவு தட்டையாக இருந்து என்ன பயன், மறைப்பு இருப்பது மேற்கே.

அதனால்தான் எந்த நாடும் ஒற்றை ரேடாரை நம்பி உட்காருவதில்லை. பல ஊர் ரேடார்கள், விமானத்தின் சுய அறிவிப்பைக் கேட்கும் தரை நிலையங்கள், எல்லாவற்றையும் ஒரு கம்ப்யூட்டரில் கொட்டி, ஒரே படமாகத் தைத்துத் திரையில் போடுகிறார்கள். மதுரை வானம் சென்னை ஃபிளைட் இன்ஃபர்மேஷன் ரீஜன் என்ற வான் எல்லைக்குள் வருகிறது. ஓடுபாதைக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் டவரில் இருப்பவரின் முதல் கருவி கண்ணாடி ஜன்னல், அடுத்தது பைனாகுலர். இரண்டும் ஹேங் ஆவதில்லை.

த.செ., உசிலம்பட்டி: ரேடார் திரை கெட்டுப்போனால் விமானம் விழுந்துவிடுமா?

விழாது. ஓட்டுவது விமானி, திரை பழுதானது அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது.

கோளாறுகளிலேயே யோக்கியமானது, திரை ஒரேயடியாக இருண்டுபோவது. அடுத்த நொடியே அறை முழுக்கத் தெரிந்துவிடும். பக்கத்து மேசைக்கு மாறலாம், மாற்று ஏற்பாட்டுக்குப் போகலாம். அயோக்கியமானது, படம் அப்படியே நின்றுவிடுவது. விமானங்கள் வரிசையாக இருக்கும், லேபிள் பளிச்சென்று இருக்கும், எல்லாம் அம்சமாக இருக்கும். விமானங்கள் மட்டும் அங்கே இருக்காது. நீண்ட தூர ரேடாரின் ஆண்டெனா ஒரு சுற்றுச் சுற்ற 10, 12 விநாடி எடுக்கும். மணிக்கு 890 கிலோமீட்டரில் போகும் ஜெட் அதற்குள் 3 கிலோமீட்டர் தாண்டிவிடும். ஆக, புள்ளி சில விநாடி நகராமல் இருப்பது சகஜம். சகஜமாக நிற்கிறதா, ஹேங் ஆகி நிற்கிறதா? திரையின் மூலையில் விநாடி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். பழகிய கண்ணுக்கு அந்தக் கடிகாரமும் ஒரு விமானம் மாதிரி முக்கியம்.

இதற்கு ஒரு பங்காளி உண்டு, ‘கோஸ்டிங்’ என்பார்கள். விமானத்திடமிருந்து பதில் வராவிட்டால் கம்ப்யூட்டர் உடனே குறியை அழித்துவிடாது. கடைசியாகத் தெரிந்த வேகத்தையும் திசையையும் வைத்து, இந்நேரம் இங்கே இருக்கும் என்று ஊகித்து வரையும். இது ஊகம்தான் என்று குறியின் வடிவத்தை மாற்றியும் காட்டும். அசதியில் அதைக் கவனிக்காதவர், இல்லாத இடத்தில் இருக்கும் விமானத்துக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருப்பார்.

அ.க., விருதுநகர்: சரி, எல்லாத் திரையும் போய்விட்டது. அப்புறம்?

அப்புறம் காகிதம். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு நீளத் துண்டுச் சீட்டு, ‘ஸ்ட்ரிப்’. பிளாஸ்டிக் சட்டத்தில் செருகி மேசையில் அடுக்கியிருப்பார்கள். பெயர், உயரம், எந்த இடத்தை எத்தனை மணிக்குக் கடக்கும் என்பது அதில் இருக்கும். விமானி ரேடியோவில் சொல்லச் சொல்ல, பேனாவால் பழையதை அடித்துப் புதியதை எழுதுவார்கள். பல இடங்களில் இந்தச் சீட்டும் இப்போது தொடுதிரைக்குள் போய்விட்டது என்பது தனிக் கவலை.

விலை என்னவென்றால் இடைவெளி. ரேடார் இருந்தால், ஒரே உயரத்தில் போகும் இரண்டு விமானங்களுக்கு நடுவே 5 கடல் மைல் போதும். ஒன்பது கிலோமீட்டர் சொச்சம், பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து விமான நிலையம் போகும் தூரத்துக்கும் குறைவு. ரேடார் இல்லையென்றால் பொதுவாக 10 நிமிட இடைவெளி. ஜெட் வேகத்தில் அது 80 கடல் மைல். முதல் விமானம் திருநெல்வேலிக்கு மேலே இருக்கும்போது அடுத்தது மதுரைக்கு மேலே இருக்கலாம், அவ்வளவுதான் அனுமதி. பாதுகாப்புக்குக் குறைவில்லை. ஆனால் வானம் திடீரென்று சின்னதாகிவிடும். மிச்சப் பேரெல்லாம் தரையில் காத்திருக்க வேண்டும்.

எம்.எஸ்., ஒத்தக்கடை: அமெரிக்காவிலேயே ரேடார் நின்றுபோனதாமே?

2025 ஏப்ரல் 28. நியூயார்க்கை ஒட்டிய நியூவார்க் விமான நிலையத்துக்கு வந்துபோகும் விமானங்களை, தூரத்திலிருக்கும் ஃபிலடெல்ஃபியாவில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். ரேடாரும் ரேடியோவும் சேர்ந்து சுமார் 90 விநாடி போய்விட்டன. 90 விநாடிதானே என்கிறீர்களா? 250 நாட் வேகத்தில் வரும் விமானம் அதற்குள் 11 கிலோமீட்டர் கடந்திருக்கும். கூப்பிட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. அதிர்ச்சியில் சில கண்ட்ரோலர்கள் மருத்துவ விடுப்பில் போனார்கள். ஏற்கெனவே ஆள் பற்றாக்குறை, நியூவார்க் வாரக்கணக்கில் தள்ளாடியது. மே 9 விடியற்காலையில் மறுபடியும் 90 விநாடி.

காரணம்? தகவலைச் சுமந்து வந்த பழைய தாமிரக் கம்பி. ரேடார் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, நரம்பு அறுந்தது. ஃப்ளாப்பி டிஸ்க்கையும் விண்டோஸ் 95-ஐயும் விட்டொழிக்கப் போகிறோம் என்று அதே ஆண்டு ஜூனில் அமெரிக்க விமானத் துறை அறிவித்தபோதுதான், இத்தனை நாள் அவை இருந்ததே ஊருக்குத் தெரிந்தது.

லண்டனும் தப்பவில்லை. 2025 ஜூலை 30 அன்று ரேடார் தொடர்பான கோளாறு, மாற்று அமைப்புக்கு மாறி 20 நிமிடத்தில் சரி செய்துவிட்டார்கள். அதற்கே 150-க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து.

கு.வ., திருப்பரங்குன்றம்: டெல்லியில் 2025 நவம்பரில் 800 விமானம் தாமதமானதே, அதுவும் ரேடார் கோளாறுதானே? என் மச்சான் சத்தியம் செய்கிறார்.

மச்சான் சத்தியத்தை வாபஸ் வாங்கட்டும். நவம்பர் 6 அன்று படுத்தது, ஏ.எம்.எஸ்.எஸ். என்ற செய்திப் பரிமாற்றக் கணினி. எந்த விமானம், எங்கிருந்து எங்கே, எந்த வழியில், எந்த உயரத்தில் என்ற பயணத் திட்டங்களைத் தானாகக் கொண்டுவந்து கண்ட்ரோலரின் கணினியில் சேர்ப்பது அதன் வேலை. ரேடார் ‘எங்கே’ என்று சொல்லும். ‘யார், எங்கே போகிறவர்’ என்பது பயணத் திட்டத்தில்தான் இருக்கிறது. அது வராமல் போனதால் ஒவ்வொன்றையும் கையால் ஏற்றினார்கள். மறுநாள் 800-க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதம்.

இதில் எனக்குக் கோபம் வருவது வேறு விஷயத்தில். தானியங்கிக் கருவிகள் மெதுவாகின்றன, தொய்கின்றன என்று கண்ட்ரோலர்களின் சங்கமான ஏ.டி.சி. கில்டு சில மாதங்களுக்கு முன்பே எழுதியிருந்தது. நாடாளுமன்ற நிலைக்குழுவும் ஆகஸ்டில் அதைச் சொன்னது. ‘மெதுவாகிறது’ என்ற புகாரை எந்த அலுவலகமும் கோளாறாகக் கணக்கில் எடுப்பதில்லை. நின்றால்தான் பழுது. புது டெர்மினலுக்கு ரிப்பன் வெட்டலாம். செய்தி கடத்தும் கணினியை மாற்றினால் எதை வெட்டுவது?

இ.லெ., செல்லூர்: எங்கள் ஏரியாவில் மாதாமாதம் பராமரிப்பு மின்தடை. ரேடாருக்கும் கரண்ட் போகுமா?

யு.பி.எஸ்., ஜெனரேட்டர் என்று அடுக்கடுக்காக வைத்திருப்பார்கள். அடுக்கே கவிழ்ந்ததும் உண்டு. 2023 புத்தாண்டு அன்று மணிலாவில் மின்சார ஏற்பாடு பழுதாகி, பிலிப்பைன்ஸ் வானமே மூடப்பட்டது. பதறிப்போய் நேரடி லைனில் இணைத்தபோது 220 வோல்ட்டுக்குப் பதில் 380 வோல்ட் பாய்ந்து இன்னும் சில கருவிகள் பாதிக்கப்பட்டதாக அந்நாட்டுப் போக்குவரத்துச் செயலரே சொன்னார். வீட்டில் ஸ்டெபிலைசர் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சு.மா., பேரையூர்: ரேடாரில் பேய் தெரியுமாமே?

தெரியும். அதிகாரபூர்வப் பெயரே ‘கோஸ்ட்’. பெரிய கட்டடத்தில் அலை பட்டுத் தெறித்தால், ஒரே விமானம் இரண்டு இடத்தில் தெரியும். பறவைக் கூட்டத்தைப் பிரைமரி ரேடார் விமானம்போலக் காட்டும். அதற்குப் பெயர் ‘ஏஞ்சல்’. தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் அதன் மேலே சூடான காற்றும் படியும் நேரத்தில் அலை வளைந்து, தொலைதூரத் தரைப்பொருள்களும் திரைக்கு வந்துவிடும். மந்திரிக்கத் தேவையில்லை, மென்பொருளே வடிகட்டிவிடும், முழுதாக அல்ல.

என்.டி., கப்பலூர்: ராத்திரியில் கூட்டம் குறைவாக இருக்கும்போது கருவிகளைப் பழுது பார்த்துவிட்டால் பிரச்சினையே இல்லையே?

2002 ஜூலை 1 இரவு சூரிச்சிலும் அப்படித்தான் நினைத்தார்கள். பராமரிப்புக்காக முக்கிய ரேடார் அமைப்பைக் குறைந்த திறனில் ஓட விட்டிருந்தார்கள். இரண்டு விமானங்கள் நெருங்கினால் திரையில் மின்னும் எச்சரிக்கை அப்போது இல்லை. தொலைபேசி லைனிலும் வேலை நடந்தது. பணியில் இருந்த இருவரில் ஒருவர் ஓய்வெடுக்கப் போய்விட, மற்றவர் ஒருவரே இரண்டு மேசைகளைப் பார்த்தார். பக்கத்து நிலையமான கார்ல்ஸ்ரூவில் எச்சரிக்கை மின்னியது; அவர்கள் போன் போட்டுப் போட்டுப் பார்த்தார்கள், லைன் கிடைக்கவில்லை.

கண்ட்ரோலர் ரஷ்ய விமானத்தை இறங்கச் சொன்னார். விமானத்துக்குள் இருந்த மோதல் எச்சரிக்கைக் கருவி ஏறச் சொன்னது. விமானி மனிதரைக் கேட்டார். எதிரே வந்த சரக்கு விமானம் கருவியைக் கேட்டு இறங்கிக்கொண்டிருந்தது. ஜெர்மனியின் யூபர்லிங்கனுக்கு மேலே 71 பேர் போனார்கள், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். அதற்குப் பிறகுதான், கண்ட்ரோலரும் கருவியும் மாறுபட்டால் கருவி சொல்வதையே கேள் என்று உலகம் முழுக்க ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதி வைத்தார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தால் அன்றிரவு எதுவுமே பெரிய பழுது இல்லை என்பதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

ஒரு தாயார், கே.கே.நகர்: என் மகன் பி.எஸ்சி. இயற்பியல். இந்த வேலைக்குப் போகலாமா, ஐயா?

தாராளமாக, அம்மா. இயற்பியலும் கணிதமும் சேர்த்துப் படித்த பி.எஸ்சி. அல்லது பொறியியல் பட்டம் போதும்; பொதுப் பிரிவுக்கு வயது 27-க்குள். இந்திய விமான நிலையங்கள் ஆணையம் ‘ஜூனியர் எக்ஸிக்யூட்டிவ்’ என்று தேர்வு வைக்கிறது. குரல் தேர்வு, மருத்துவச் சோதனை எல்லாம் உண்டு. திரைக்கு முன்னால் உட்காருகிறவர் கண்ட்ரோலர்; ரேடாரையும் திரையையும் உயிரோடு வைத்திருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் பொறியாளர் பிரிவு தனி. இரண்டாமவருக்குப் பாராட்டு கிடைக்காது, ராத்திரி போன் மட்டும் வரும்.

வ.ஜி., தெப்பக்குளம்: ரேடியோவும் போய்விட்டால் விமானி எப்படிச் சொல்வார்?

டிரான்ஸ்பாண்டரில் 7600 என்று திருகுவார். ரேடியோ போச்சு என்று பொருள். பொதுவான அவசரம் 7700, கடத்தல் 7500. டவர் பதிலுக்கு விளக்கு காட்டும்: நிலையான பச்சை என்றால் இறங்கு, நிலையான சிவப்பு என்றால் வழிவிட்டு வட்டமடி. கோரிப்பாளையம் சிக்னல் மாதிரி யாரும் சிவப்பைத் தாண்ட மாட்டார்கள்.

ச.கு., அனுப்பானடி: மதுரை விமான நிலையத்துக்கு யார் பெயர் வைக்கலாம்? மழுப்பாமல் சொல்லுங்கள்.

உலக விமானிகளுக்கும் ரேடார் திரைக்கும் அது வி.ஓ.எம்.டி. நான்கே எழுத்து. எந்தக் கட்சியும் ஆட்சேபிக்கவில்லை.

பா.ந., எழுமலை: ரேடாரில் சிக்காத விமானம் என்கிறார்களே, அது உண்மையா?

பிரிட்டன் கடற்படையின் எஃப்-35பி, பக்கத்துத் திருவனந்தபுரத்தில் 2025 ஜூன் 14 அன்று எரிபொருள் குறைந்து இறங்கியது. வருவதைக் கண்டுபிடித்து, அடையாளம் கண்டு, இறங்க அனுமதித்ததாக நம் விமானப்படை சொன்னது. தானே வந்து உதவி கேட்கும் விமானம் ஒளிந்துகொண்டு வராது என்பதால், ரொம்பவும் காலரைத் தூக்கிவிட வேண்டாம். பிறகு அது பழுதாகி ஜூலை 22 வரை அங்கேயே கிடந்தது. ரேடாருக்குத் தண்ணி காட்டும் விமானம், கேரளத்து மழைத் தண்ணியில் மூன்று வாரம் நனைந்தது.